சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு விமானமின்றி: காஸ்பியனை எப்படிக் கடப்பது?

கிழக்குக்கரைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பணிபுரியும் நான், 2026 ஏப்ரலில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ரயில், பேருந்து, கப்பல் இவற்றில் மட்டுமே பயணம் செய்து லண்டன் வரை போவதென்று முடிவு செய்திருக்கிறேன். என் கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. கோலாலம்பூர், பாங்காக், வியந்தியான், குன்மிங், உரும்சி, அல்மாட்டி என்று கஜகஸ்தான் வரைக்கும் வழி ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. அதற்கு மேற்கே அக்தாவ் துறைமுகத்தில் கப்பலேறி, காஸ்பியன் கடலைக் கடந்து அஜர்பைஜானின் பாகு, அங்கிருந்து ஜார்ஜியாவின் திபிலிசி, துருக்கி, பல்கேரியா என்று போகலாம் என நினைத்திருந்தேன். ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பந்தான் மிஞ்சுகிறது. சரக்குக் கப்பலில் பயணியாகப் போகும் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். 2020க்குப் பிறகு பெரும்பாலான நிறுவனங்கள் பயணிகளை ஏற்றுவதில்லை என்பதோடு, 2023 நவம்பரில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதிலிருந்து கப்பல்கள் பலவும் ஆப்பிரிக்காவைச் சுற்றியே போகின்றன. காஸ்பியன் கப்பலில் போனவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? அந்த வழி அடைபட்டிருந்தால் ரஷ்யா வழியாகப் போவது நடைமுறையில் சாத்தியந்தானா?

பொன்மலையார் எழுதியது:

தம்பி, காஸ்பியனைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். பணிமனையில் காலமெல்லாம் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) பெட்டிகளோடு கழித்தவன் என்ற முறையில், உங்கள் முதல் பாதியைப் பற்றி நான் எழுதுகிறேன். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு மூடப்பட்டதால், உங்கள் ரயில் பயணம் உட்லண்ட்ஸில்தான் தொடங்கும். அங்கிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் ‘ஷட்டில் தெப்ராவ்’ ரயில் பாலத்தைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஐந்தே நிமிடம். கட்டணம் உங்கள் பக்கத்தில் 5 வெள்ளி, எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவருக்கு 5 ரிங்கிட். ஒரே தண்டவாளத்தில் ஒரே தூரத்துக்கு மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

அங்கிருந்து வியந்தியான் வரைக்கும் எங்கள் ஊரில் மறைந்துபோன அதே 1,000 மில்லிமீட்டர் பாதைதான். ஆனால் மலேசியர்கள் அதன்மேல் மின்சார ரயிலை மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார்கள் என்பதை நேரில் பார்க்கும்வரை நான் நம்பவில்லை. மின்கம்பி பாடாங் பெசாரோடு முடிந்துவிடும். அந்த நிலையத்தில் மலேசிய, தாய்லாந்து குடிநுழைவு அதிகாரிகள் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் மூட்டையைச் சுமந்துகொண்டு அலைய வேண்டியதில்லை. தாய்லாந்து கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கிருந்து பாங்காக்குக்கு இரவு ரயில் உண்டு. பாங்காக்கிலிருந்து வியந்தியானுக்கு நேரடியாகப் போகும் இரவு ரயிலும் 2024 ஜூலையில் தொடங்கிவிட்டது. மீகாங் ஆற்றின் பாலத்தில் தண்டவாளம் சாலையின் நடுவிலேயே பதிக்கப்பட்டிருப்பதால், ரயில் வரும்போது இரு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள்.

வியந்தியானில் மீட்டர் கேஜ் முடிகிறது. 2021 டிசம்பர் 3ஆம் தேதி திறக்கப்பட்ட சீனப் பாதையின் நிலையம் ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறது. அங்கே தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். குன்மிங் வரை 1,035 கிலோமீட்டர் தூரத்துக்கு, 2023 ஏப்ரல் 13 முதல் ஒரே ரயிலில் எல்லையைக் கடந்து போகலாம். எல்லையின் இரு பக்கமும் உள்ள போத்தெனிலும் மோகானிலும் சாமான்களோடு இறங்கி ஏற வேண்டியிருக்கும். நிலையத்தின் வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். கத்தி, தெளிப்பான் குப்பி போன்றவை இருந்தால் பறித்துக்கொள்வார்கள் என்பதால், ஷேவிங் நுரைக் குப்பியைப் பாங்காக்கிலேயே விட்டுவிடுவது நல்லது.

மேலூர்க்காரன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் தரைவழியே போக முடிகிறதென்றால், சென்னையிலிருந்து ஏன் முடியாது? நிலத்தளவில் நாம்தானே பக்கத்தில் இருக்கிறோம்?

கடவுச்சீட்டுக்காரர் எழுதியது:

திருச்சியில் பயண முகவராகத் தொழில் செய்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. மேற்கே போனால், 1976இல் தொடங்கிய சம்ஜௌதா ரயில் 2019 ஆகஸ்டில் நின்றது. 1999இல் தொடங்கிய டெல்லி-லாகூர் பேருந்தும் அதே ஆண்டில் நின்றது. அட்டாரியில் எஞ்சியிருந்த தரைவழியும் 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. கிழக்கே மணிப்பூரின் மோரே வழியாக மியன்மார் போகலாமென்றால், அந்நாட்டின் உள்நாட்டுப் போர் இடையில் நிற்கிறது. இத்தனைக்கும் அந்த மோரேயில் 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த தமிழர்கள் குடியேறி, அங்காள பரமேசுவரிக்குக் கோயிலும் கட்டியிருக்கிறார்கள். கடல்வழியும் இல்லை, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் காலம் முடிந்தது. ஆகவே, நடைமுறையில் சென்னைக்காரர் முதலில் விமானத்தில் வேறொரு நாட்டுக்குப் போய்த்தான் தரைவழிப் பயணத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

அலாத்வாசி எழுதியது:

நான் 2019இல் எதிர்த்திசையில், பாகுவிலிருந்து கஜகஸ்தானுக்கு அந்தக் கப்பலில் போயிருக்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: அது பயணிகள் கப்பல் அன்று. ரயில் பெட்டிகளையும் லாரிகளையும் ஏற்றிச் செல்லும் சரக்குக் கப்பலில், மீதமிருக்கும் அறைகளில் மனிதர்களையும் ஏற்றிக்கொள்வார்கள். பாகுவுக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில் அலாத் என்ற இடத்தில் துறைமுகம் இருக்கிறது. கால அட்டவணை என்று ஒன்று கிடையாது. சரக்கு நிரம்ப வேண்டும், காற்று அடங்க வேண்டும். இரண்டும் கூடிவரும்போதுதான் பயணச்சீட்டே விற்பார்கள். அதுவரை துறைமுகத்து வாசலில் ஜார்ஜிய, துருக்கிய லாரி ஓட்டுநர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்போது கட்டணம் எழுபது டாலர் அளவில் இருந்தது. கையில் ரொக்கமாகக் கொடுத்தோம். கப்பலில் ஏறியதும் எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கீழ்த்தளத்தில் சரக்குப் பெட்டிகளின் சக்கரங்களைச் சங்கிலியால் தளத்தோடு பிணைக்கும் சத்தம் நள்ளிரவு தாண்டியும் கேட்டுக்கொண்டே இருந்தது. கடலைக் கடக்க ஒரு நாளுக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் எதிர்க்கரைக்கு வந்த பிறகும் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் நங்கூரமிட்டு நின்றோம். குரிக் துறைமுகத்தில் இறங்கினால் அக்தாவ் நகரத்துக்குப் போகவே தனியாக வண்டி பிடிக்க வேண்டும். அவசரம் இல்லாதவருக்கு அருமையான பயணம் என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் நீங்கள் போகவிருப்பது மேற்கு நோக்கி. அஜர்பைஜான் 2020 மார்ச்சில் தன் தரை எல்லைகளை மூடியது. அதன்பின் அந்தத் தடையை ஒவ்வொரு முறையும் சில மாதங்களுக்கு நீட்டித்துக்கொண்டே வருகிறது. வெளிநாட்டுப் பயணி இப்போது அந்நாட்டுக்குள் நுழையும் வழி விமானம் மட்டுமே. பாகுவுக்கும் திபிலிசிக்கும் இடையே ஓடிய இரவு ரயிலும் அந்த மார்ச்சில்தான் நின்றது.

அல்மாட்டி மாணவி எழுதியது:

அண்ணா, நான் அல்மாட்டியில் மருத்துவம் படிக்கிறேன். இந்தியர்கள் விசா இல்லாமல் கஜகஸ்தானில் ஒரு முறைக்கு 14 நாள் தங்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அந்த 14 நாளை வைத்துக்கொண்டு கால அட்டவணை இல்லாத ஒரு கப்பலுக்காகக் காத்திருப்பது சரியாக வராது. அல்மாட்டியிலிருந்து அக்தாவுக்கு ரயிலில் போகவே இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிடும். இறங்கும் நிலையமும் அக்தாவ் நகருக்குள் இல்லை. மங்கிஸ்தாவ் என்ற இடத்தில் இறங்கி ஊருக்குள் வர வேண்டும்.

சீனாவிலிருந்து வரும்போது கோர்காஸ் எல்லையைப் பேருந்தில் கடப்பதுதான் எங்கள் கல்லூரியில் பலருக்கும் பழக்கமான வழி. சீனச் சாவடிக்கும் கஜகஸ்தானின் நூர் ஜோலி சாவடிக்கும் இடையே நடந்துபோக விடமாட்டார்கள். வண்டியில்தான் போக வேண்டும். சின்ஜியாங் முழுவதிலும் அரசு நேரம் பெய்ஜிங் நேரம். கஜகஸ்தானோ 2024 மார்ச் 1 முதல் நாடு முழுவதையும் ஒரே நேர வலயத்துக்குக் கொண்டுவந்துவிட்டதால், அந்த எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை மூன்று மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும். பேருந்து புறப்படும் நேரத்தைக் கேட்கும்போது எந்த நேரப்படி என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

ரயிலில் பணம் மிச்சப்படுத்த நினைத்தால் பிளாட்ஸ்கார்ட் பெட்டியில் ஏறலாம். கதவில்லாத பெட்டி, 54 படுக்கைகள், நடைபாதையை ஒட்டிப் பக்கவாட்டிலும் படுக்கைகள். நம் ஊர் ஸ்லீப்பர் கோச்சில் பயணம் செய்தவர்களுக்கு அது அந்நியமாகவே தோன்றாது. பெட்டியின் கோடியில் எப்போதும் வெந்நீர் கிடைக்கும். உயரமானவர்கள் பக்கவாட்டுப் படுக்கையைத் தவிர்ப்பது நல்லது.

ஈஸ்ட்ஹாம் வாசகர் எழுதியது:

இந்த இழையை வாசித்தபோது என் அப்பா சொன்னவற்றை எழுத வேண்டும் போல் இருந்தது. அவர் 1974இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்தவர். விமானச் சீட்டுக்குக் காசு இல்லாதபடியால், தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம், பிறகு புகையிரதத்தில் சென்னை, டெல்லி, அமிர்தசரஸ், அப்பால் லாகூர், கைபர் கணவாய், காபூல் என்று வந்தார். காபூலிலிருந்து கந்தகார் வரை அமெரிக்கர் போட்ட தார் வீதி. கந்தகாரிலிருந்து ஹெராத் வரை சோவியத்துக்காரர் போட்ட கொங்கிரீட் வீதி. கொங்கிரீட் பலகைகளின் பொருத்துகளில் சில்லு ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டே, பஸ் எந்த வல்லரசின் வீதியில் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம் என்பார். மஷ்ஹத், தெஹ்ரான், எர்ஸுரும் வழியாக இஸ்தான்புல் வந்தபோது, பொஸ்போரஸ் பாலம் திறந்து ஒரு வருடங்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே சிர்கெசி நிலையத்திலிருந்து பாரிஸ் வரை அப்போது நேரடிப் புகையிரதம் இருந்தது; 1977 மே மாதத்தோடு அது நின்றுவிட்டது.

வழியில் அவருக்குப் பெரிய உதவியாக இருந்தது, அந்த வழியால் வந்துகொண்டிருந்த மேற்கத்திய இளைஞர் கூட்டந்தான். எந்த விடுதியில் மூட்டைப்பூச்சி, எந்த எல்லையில் காசு மாற்றக்கூடாது என்பதெல்லாம் வாய்வழியாகவே பரவியது. இஸ்தான்புல்லில் புட்டிங் ஷாப் என்று பெயர் பெற்ற உணவகத்தின் அறிவிப்புப் பலகையில், காபூலுக்குப் போகும் வாகனத்தில் இடமிருப்பது தொடங்கிக் காதல் முறிந்த சேதி வரைக்கும் எழுதிக் குத்தியிருப்பார்கள். 1957இலேயே லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு இந்தியாமேன் என்ற பேருந்து ஓடியிருக்கிறது. ஏப்ரல் 15 புறப்பட்டு ஜூன் 5 போய்ச் சேர்ந்தது, ஒருவழிக் கட்டணம் 85 பவுண்.

1979இல் ஈரானியப் புரட்சியும், ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகளும். அத்துடன் அந்த வீதி முடிந்தது.

மேலூர்க்காரன் எழுதியது:

அப்படியானால் அந்தக் காலத்தில் உலகம் திறந்து கிடந்தது, இப்போதுதான் மூடிக்கொண்டது என்று சொல்லலாமா?

ஈஸ்ட்ஹாம் வாசகர் எழுதியது:

தம்பி, யாருக்குத் திறந்து கிடந்தது என்று கேட்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த அப்பா பாகிஸ்தானைக் கடந்து வந்தார். 1965, 1971 போர்களுக்குப் பிறகு இந்தியக் கடவுச்சீட்டோடு அப்படி வருவது அரிதாகிவிட்டது. அவருடன் படித்த சென்னை நண்பர் விமானத்தில்தான் வந்தார். பிரித்தானியாவுக்குள் வர அப்போது இலங்கையருக்கு விசா தேவைப்படவில்லை. 1983க்குப் பிறகு எங்கள் சனம் தஞ்சம் கேட்டு வரத் தொடங்கியதும், 1985 மே மாதம் விசாவைக் கட்டாயமாக்கினார்கள். பொதுநலவாய நாடொன்றின் குடிமக்களுக்குப் பிரித்தானியா அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. அப்பா பதினொரு வருடம் பிந்திப் புறப்பட்டிருந்தால், காபூலையும் தெஹ்ரானையும் எப்படியாவது தாண்டியிருந்தாலும் டோவர் துறைமுகத்தில் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பொன்மலையார் எழுதியது:

கிழக்குக்கரைத் தம்பிக்கு வருகிறேன். அஜர்பைஜான் அடைபட்டிருந்தால் ரஷ்யாதான் வழி. கஜகஸ்தானின் வடக்கு எல்லையைத் தாண்டி மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க், அங்கிருந்து இவான்கொரோத். அங்கே ஆற்றுப் பாலத்தை நடந்து கடந்தால் எஸ்தோனியாவின் நார்வா. 2024 பிப்ரவரியிலிருந்து அந்தப் பாலத்தில் வண்டிகள் போவதில்லை, மே மாதத்திலிருந்து இரவிலும் மூடிவிடுகிறார்கள். பகலில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கலாம். பின்லாந்து தன் தரை எல்லையை 2023 டிசம்பரில் முழுவதுமாக மூடிவிட்டதால், ஹெல்சிங்கி வழியை மறந்துவிடுங்கள்.

பாதை அகலத்தில் ஆர்வமுள்ளவருக்கு இந்த வழியில் ஒரு விருந்து உண்டு. கஜகஸ்தானில் தொடங்கிய 1,520 மில்லிமீட்டர் அகலப்பாதை, ரஷ்யா முழுக்கத் தொடர்ந்து பால்டிக் நாடுகள் வரை வருகிறது. வில்னியசிலிருந்து வார்சாவுக்குப் போகும்போது, லித்துவேனியாவின் எல்லைக்கருகே மொக்காவா என்ற சிற்றூரில் எல்லோரும் இறங்கி, நடைமேடையின் மறுபக்கத்தில் நிற்கும் 1,435 ரயிலில் ஏறிக்கொள்கிறார்கள். வித்தியாசம் வெறும் 85 மில்லிமீட்டர். முன்பு மாஸ்கோவிலிருந்து பெய்ஜிங் போன ரயில்களில் பெட்டிகளை ஜாக்கியால் தூக்கி, பயணிகள் உள்ளே இருக்கும்போதே அடியிலுள்ள சக்கரத் தொகுதிகளை மாற்றினார்கள். அந்த வேலையைப் பார்க்க மட்டுமே நான் மாஸ்கோ போயிருப்பேன், கொரோனா வந்து ரயிலையே நிறுத்திவிட்டது.

அலாத்வாசி எழுதியது:

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். போர் நடத்திக்கொண்டிருக்கும் ஒரு நாட்டின் குறுக்கே, எந்த நாளும் மூடப்படலாம் என்று எஸ்தோனிய அரசே எச்சரிக்கும் ஒரு பாலத்தை நம்பிப் போவதைவிட, காஸ்பியனுக்கு மேல் ஒரு சிறு விமானப் பயணத்தை ஏற்றுக்கொள்வது மேல். விமானமின்றி என்ற விரதத்துக்காக ஜார்ஜியாவையும் கிழக்குத் துருக்கியையும் இழப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கார்ஸிலிருந்து அங்காராவுக்கு ஒரு நாள் முழுவதும் யூப்ரடீஸ் பள்ளத்தாக்கின் வழியே ஊர்ந்துவரும் தோகு எக்ஸ்பிரஸுக்கு ஈடாக ரஷ்யச் சமவெளியில் எதுவும் இல்லை. இஸ்தான்புல்லில் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கடலடியே போகும் மர்மராய் ரயிலில் நான்கு நிமிடந்தான்; ஆனால் ஆசியக் கரையிலுள்ள கதிகோய் துறையிலிருந்து படகில் போங்கள், கண்டம் மாறுவதை வெயிலில் நின்று பார்க்கலாம்.

பொன்மலையார் எழுதியது:

ஒரு விமானம் ஏறிவிட்டால் இழையின் தலைப்பை மாற்ற வேண்டியிருக்குமே! விளையாட்டாகச் சொல்லவில்லை. முழுவதும் தரையில் போவதில்தான் தூரம் என்பது உடம்புக்குத் தெரிகிறது. நடுவில் ஒரு மணி நேரத்தில் ஒரு கடலைத் தாவிவிட்டால் அது அறுந்துவிடும் என்பது என் கட்சி.

கடவுச்சீட்டுக்காரர் எழுதியது:

இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒன்றை நான் சொல்ல வேண்டும். தண்டவாளமோ கப்பலோ இல்லாததால் இந்தப் பயணம் எங்கும் தடைபடவில்லை. நாடுகள் விருந்தாளி என்றால் விமானத்தில் வருபவர் என்றே முடிவுகட்டிவிட்டன. அஜர்பைஜானைப் பற்றிச் சொன்னார்கள். ஈரான் 2024 பிப்ரவரியில் இந்தியர்களுக்கு விசா விலக்கு அறிவித்தபோது, அதையும் விமானத்தில் வந்து இறங்குபவருக்கு மட்டுமே என்று வரையறுத்தது. ரஷ்யாவின் மின்-விசா, பட்டியலில் உள்ள சோதனைச் சாவடிகளில் மட்டுமே செல்லும். அதுவும் ஒரே நுழைவுக்குத்தான். ஆகவே நீங்கள் கடக்கப்போகும் கஜகஸ்தான்-ரஷ்ய எல்லைச் சாவடி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வழியைத் தீர்மானியுங்கள். விண்ணப்பம் வாங்குபவர்களும் போகவர விமானச் சீட்டின் முன்பதிவைக் கேட்பார்கள். தரைவழியே வருகிறேன் என்றால் நம்பமாட்டார்கள். ஊர் ஊராக விடுதி முன்பதிவும், நாள்வாரியான பயணத்திட்டமும், எல்லைகளுக்கான பேருந்துச் சீட்டும் சேர்த்து ஒரு விளக்கக் கடிதம் வைக்க வேண்டும். நான் தயாரித்தவற்றில் தடித்த கோப்புகள் எல்லாம் இப்படிப்பட்டவைதான்.

விசா எடுக்கும் வரிசையும் முக்கியம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு அந்தப் பகுதிக்குள் நுழையும் நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். அதை முதலில் எடுத்துவிடுங்கள். அது கையில் இருந்தால் ஜார்ஜியாவுக்குத் தனி விசா வேண்டாம், துருக்கிக்கும் இணையத்திலேயே மின்-விசா கிடைத்துவிடும். நார்வாவில் எஸ்தோனியாவுக்குள் நுழையவும் அதுவே போதும். ஆகவே இரண்டு வழிகளுக்கும் அது பொதுச் சாவி. பிரிட்டன் விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்புதான் விண்ணப்பிக்க முடியும். நீங்கள் எப்போது லண்டன் சேர்வீர்கள் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சீன விசாவைக் கடைசியில் வையுங்கள். ஒருமுறை நுழையும் விசாவாகத் தந்தால், வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் உள்ளே போக வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் சிங்கப்பூரிலேயே முடித்துவிடுங்கள். வழியில் ஒரு தூதரகத்தில் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டால், அது திரும்பி வரும்வரை எந்த எல்லையையும் தாண்ட முடியாது.

கிழக்குக்கரைவாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஷெங்கன் விசாவுக்கு 2025 இறுதிக்குள் விண்ணப்பிக்கிறேன். அதை வைத்துக்கொண்டு நார்வா வழியை முதல் தெரிவாகவும், காஸ்பியன் விமானத்தை இரண்டாவதாகவும் வைத்துக்கொள்கிறேன். அல்மாட்டி போய்ச் சேர்ந்த பிறகு, அன்றைய எல்லை நிலவரத்தைப் பார்த்து முடிவெடுப்பேன். பொன்மலையார் ஐயா கட்சி தோற்றால், லண்டனிலிருந்து அவருக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்புகிறேன். விமான அஞ்சலில் அல்ல. ரஷ்யாவில் பணம் எடுப்பது எப்படி என்பதை மட்டும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

அல்மாட்டி மாணவி எழுதியது:

அண்ணா, 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் எதுவும் ரஷ்யாவில் வேலை செய்யாது. மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் விடுதிச் செலவு, உள்ளூர் ரயில் சீட்டு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் ரொக்கமாகவே எடுத்துக்கொண்டு போக வேண்டும். அல்மாட்டியில் நாணய மாற்றுக் கடைகளில் ரூபிள் எளிதாகக் கிடைக்கும். கிழியாத, எழுத்துக் கிறுக்கல் இல்லாத டாலர் தாள்களாகக் கொண்டுவந்தால் நல்ல விலை கொடுப்பார்கள். அல்மாட்டியில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. நகரின் நடுவில் இருப்பது அல்மாட்டி-2. சீட்டில் அல்மாட்டி-1 என்று இருந்தால், வடக்குக் கோடிக்குப் போக ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.